அனைத்துத் தரை டயர்

அனைத்துத் தரை டயர் அல்லது ஆல்-டெரைன் டயர் என்பது தார்ச் சாலையிலும், சரளை, மண், மணல், பாறை போன்ற செப்பனிடப்படாத தரையிலும் ஓடுவதற்கென வடிவமைக்கப்பட்ட டயர் வகை ஆகும். நாற்சக்கர இயக்கம் கொண்ட ஊர்திகளிலும் சிறு சரக்குந்துகளிலும் இது பெரிதும் பயன்படுகிறது. இதன் பக்கச் சுவரில் பெரும்பாலும் ஏ/டி என்னும் எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும்.

பெயர் குறிப்பது போல இது எல்லாத் தரையிலும் சிறந்து விளங்கும் டயர் அன்று. சாலை டயரின் பிடிப்பில் ஒரு பகுதியையும், சேற்று டயரின் இழுவையில் ஒரு பகுதியையும் விட்டுக்கொடுத்து இரண்டுக்கும் இடைப்பட்ட நிலையில் அமைந்தது. எனவே இதனைத் தெரிவு செய்வதில் தோற்றத்தைவிட, ஊர்தி உண்மையில் எந்தத் தரையில், எவ்வளவு சுமையுடன், எந்த வேகத்தில் ஓடுகிறது என்பதே முதன்மையானது.

வரலாறு

தொடக்க கால டயர்களில் இழைகள் ஒன்றையொன்று சாய்வாகக் குறுக்கிட்டுச் செல்லுமாறு அடுக்கப்பட்டன. பிரான்சு நாட்டின் மிச்லின் நிறுவனம் 1946 ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற ரேடியல் டயரில், இழைகள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராகச் செல்கின்றன. அவற்றின் மேல் எஃகுப் பட்டைகள் சுற்றப்பட்டுள்ளன. இதனால் பக்கச் சுவர் எளிதில் வளையும். தரையைத் தொடும் பகுதி தட்டையாக நிற்கும்.

அமெரிக்காவின் பி. எஃப். குட்ரிச் நிறுவனம் 1976 ஆம் ஆண்டில் ரேடியல் ஆல்-டெரைன் டி/ஏ என்னும் டயரை வெளியிட்டது. இவ்வகையில் வந்த முதல் ரேடியல் டயர் இதுவே எனக் கருதப்படுகிறது. குட்ரிச்சின் டயர்த் தொழில் பின்னர் மிச்லின் நிறுவனத்தின் வசமானது.

அமைப்பு

தரையைத் தொடும் மிதிப்பகுதி பல ரப்பர் கட்டைகளால் ஆனது. கட்டைகளுக்கு இடையே உள்ள பள்ளங்கள் நீர், மண், சரளை ஆகியவற்றை வெளியேற்றுகின்றன. கட்டைகளின் மேல் உள்ள மெல்லிய கீறல்கள் ஈரச் சாலையிலும் பனியிலும் பிடிப்புத் தருகின்றன. பள்ளங்கள் அகலமானால் மண் தரையில் இழுவை கூடும். ஆனால் தார்ச் சாலையைத் தொடும் ரப்பரின் பரப்பு குறையும். இவ்விரண்டுக்கும் இடையிலான சமநிலையே டயர் வகைகளை வேறுபடுத்துகிறது.

* நெடுஞ்சாலை டயர் (எச்/டி): நெருக்கமான கட்டைகள், குறுகிய பள்ளங்கள். ஓசை குறைவு, ஈரச் சாலையில் நிறுத்தும் தூரம் குறைவு, எரிபொருள் சிக்கனம் அதிகம். கூரிய கற்களால் எளிதில் வெட்டுப்படும்.
* அனைத்துத் தரை டயர் (ஏ/டி): நடுத்தர அளவுப் பள்ளங்கள், வெட்டுப்படாத தன்மை கொண்ட ரப்பர், தடித்த தோள்பகுதி. சரளைச் சாலைக்கும் கற்கள் நிறைந்த தடத்துக்கும் ஏற்றது.
* சேற்று டயர் (எம்/டி): பெரிய கட்டைகள், அகன்ற பள்ளங்கள். ஒட்டும் சேற்றைச் சுழற்சியால் வீசியெறிந்து தன்னைத் தானே தூய்மை செய்துகொள்ளும். தார்ச் சாலையில் ஓசை மிகுதி. ஈரத்தில் பிடிப்புக் குறைவு.

தமிழ்நாட்டின் கரிசல் நிலங்களில் மழைக்காலத்தில் உருவாகும் ஒட்டும் சேற்றில், அனைத்துத் தரை டயரின் பள்ளங்கள் விரைவில் அடைபட்டுவிடும். அதன்பின் அது வழுவழுப்பான டயர் போலவே சுழலும். இத்தகைய தரைக்குச் சேற்று டயரே பொருத்தமானது.

தெரிவு செய்யும் முறை

பயன்பாட்டு விகிதம்

பெரும்பாலும் நகரத்திலும் நெடுஞ்சாலையிலும் ஓடி, ஆண்டுக்கு ஓரிரு முறை மலைத்தடம் செல்லும் ஊர்திக்கு நெடுஞ்சாலை டயரோ, மென்மையான வகை அனைத்துத் தரை டயரோ போதுமானது. தோட்டச் சாலை, சுரங்கச் சாலை, சரளைச் சாலை ஆகியவற்றில் அன்றாடம் ஓடும் ஊர்திக்கு அனைத்துத் தரை டயர் பயன் தரும். அவசர நிறுத்தங்கள் பெரும்பாலும் தார்ச் சாலையிலேயே நிகழ்வதால், ஈரச் சாலைப் பிடிப்பை மறந்து தெரிவு செய்தல் ஆபத்தானது.

அளவு

265/70 ஆர் 17 என்னும் குறியீட்டை எடுத்துக்கொள்வோம். 265 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 70 என்பது பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை விழுக்காடு என்பது. ஆர் என்பது ரேடியல். 17 என்பது டயர் பொருந்தும் சக்கர வளையத்தின் விட்டம், அங்குலத்தில். இதன்படி மொத்த விட்டம்:

(17 × 25.4) + (2 × 0.70 × 265) = 431.8 + 371 = ஏறத்தாழ 803 மி.மீ.

பெரிய டயர் பொருத்தினால் என்ன ஆகும் என்பதைச் சுசுகி ஜிம்னி ஊர்தியைக் கொண்டு விளக்கலாம். அதன் டயர் அளவு 195/80 ஆர் 15. விட்டம் 693 மி.மீ. அதற்குப் பதில் 235/75 ஆர் 15 பொருத்தினால் விட்டம் 733.5 மி.மீ. ஆகிறது. அச்சின் உயரம் 20 மி.மீ. மட்டுமே கூடுகிறது. ஆனால் சக்கரம் ஒரு சுற்றில் செல்லும் தொலைவு 5.8 விழுக்காடு கூடுவதால், முன்பு சரியாகக் காட்டிய வேகமானி 80 எனக் காட்டும்போது ஊர்தி ஏறத்தாழ மணிக்கு 85 கி.மீ. வேகத்தில் செல்லும். முடுக்கம் குறையும், தடைகளின் வேலை கூடும், திருப்பும்போது டயர் சக்கர வளைவில் உரசவும் கூடும்.

சுமைக் குறியீடும் வேகக் குறியீடும்

அளவுக்குப் பின் வரும் எண் சுமைக் குறியீடு ஆகும். 96 என்றால் ஒரு டயர் 710 கி.கி. வரையும், 115 என்றால் 1215 கி.கி. வரையும் தாங்கும். அதையடுத்த எழுத்து உச்ச வேகத்தைக் குறிக்கும்: ஆங்கில எழுத்துகளான க்யூ 160, எஸ் 180, டி 190, எச் 210 கி.மீ./மணி. புதிய டயரின் சுமைக் குறியீடு ஊர்தி உற்பத்தியாளர் குறித்ததைவிடக் குறையக் கூடாது.

அளவுக்கு முன் எல்.டி. என்னும் எழுத்துகள் இருப்பின் அது சிறு சரக்குந்துகளுக்கான வலுவான கட்டமைப்பைக் குறிக்கும். இத்தகைய டயர் கூடுதல் சுமையைத் தாங்கும் என்பது உண்மையே. எனினும் அந்தச் சுமையை அது தாங்குவதற்கு உயர்ந்த காற்றழுத்தம் வேண்டும். பழைய டயரின் அழுத்தத்தையே இதிலும் நிரப்பினால் தாங்கும் திறன் எதிர்பார்த்ததைவிடக் குறைந்துவிடும். எடை மிகுந்ததாதலால் பயணம் கடினமாகவும் எரிபொருள் செலவு கூடுதலாகவும் இருக்கும்.

பனிக் குறியீடுகள்

பல அனைத்துத் தரை டயர்களில் எம்+எஸ் என்னும் குறி உள்ளது. இது சேறு, பனி ஆகியவற்றைக் குறிக்கும் எழுத்துகளாயினும், மிதிப்பகுதியின் வடிவத்தைக் கொண்டு உற்பத்தியாளர் இடும் குறியே ஆகும். மூன்று முகடுகள் கொண்ட மலைக்குள் பனிச்செதில் வரைந்த குறியோ, பனியில் நடத்தப்படும் இழுவைச் சோதனையில் தேறிய டயருக்கே வழங்கப்படுகிறது. செருமனியில் 2024 அக்டோபர் முதல் எம்+எஸ் குறி மட்டும் உள்ள டயர் குளிர்காலச் சாலைக்கு ஏற்கப்படுவதில்லை.

ஒரே வகை, ஒரே அளவு

நாற்சக்கர இயக்க ஊர்தியில் நான்கு டயர்களும் ஒரே அளவிலும் ஏறத்தாழ ஒரே தேய்மானத்திலும் இருத்தல் வேண்டும். முன்பின் சக்கரங்களின் சுற்றளவு வேறுபட்டால், இரு அச்சுகளையும் பிணைக்கும் பற்சக்கரத் தொகுதியில் முறுக்கு விசை சேர்ந்து அதனைப் பழுதாக்கும். உதிரி டயரும் இதே அளவில் இருப்பது நல்லது. உற்பத்திக் காலத்தைப் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கங்கள் காட்டும். 3523 என்பது 2023 ஆம் ஆண்டின் 35 ஆவது வாரம்.

காற்றழுத்தம்

செப்பனிடப்படாத தரையில் மிதிப்பகுதியின் வடிவத்தைவிடக் காற்றழுத்தமே பெரிய வேறுபாட்டைத் தருவதுண்டு. 2500 கி.கி. எடையுள்ள ஊர்தியின் ஒவ்வொரு சக்கரமும் சராசரியாக 625 கி.கி. தாங்குகிறது. அழுத்தம் 250 கிலோபாசுக்கல் (ஏறத்தாழ 36 பி.எஸ்.ஐ.) எனில், தரையைத் தொடும் பரப்பு தோராயமாக 245 ச.செ.மீ. ஆகும். அழுத்தத்தைப் பாதியாக்கினால் இப்பரப்பு ஏறத்தாழ இரட்டிக்கும். பக்கச் சுவரின் விறைப்பு இக்கணக்கில் சேர்க்கப்படவில்லை. தொடுபரப்பு பெரும்பாலும் நீளவாக்கில் வளர்வதால் டயர் மணலுக்குள் புதையாமல் அதன் மேல் மிதந்து செல்கிறது.

ஆத்திரேலியாவின் சிம்சன் பாலைவனத்தைக் கடப்போர் மணற்குன்றுகளில் ஏறும் முன் காற்றைக் குறைப்பது இதனால்தான். அங்கு ஆழமான பள்ளங்கள் கொண்ட சேற்று டயர் மணலைத் தோண்டித் தன்னையே புதைத்துக்கொள்ளும். அதே நிலப்பகுதியின் கூழாங்கல் வெளிகளில் டயரை வெட்டும் கற்களே முதன்மைச் சிக்கல். அங்கு வலுவான பக்கச் சுவரும் குறைந்த வேகமும் துணை செய்கின்றன.

காற்றைக் குறைத்தபின் மெதுவாகச் செல்ல வேண்டும். கூர்மையாகத் திருப்பினால் டயர் வளையத்தை விட்டுக் கழன்றுவிடலாம். தார்ச் சாலைக்குத் திரும்பியவுடன் மீண்டும் காற்று நிரப்புவது இன்றியமையாதது. எனவே காற்றழுத்தமானியும் சிறிய காற்றடிப்பானும் டயரைப் போலவே தேவையான கருவிகள் ஆகும்.

ஃபயர்ஸ்டோன் டயர் மீளழைப்பு

காற்றழுத்தம், சுமை, வெப்பம், கட்டமைப்பு ஆகியவற்றின் தொடர்பை உலகம் அறியச் செய்த நிகழ்வு அமெரிக்காவில் நடந்தது. ஃபயர்ஸ்டோன் நிறுவனத்தின் ஏடிஎக்ஸ், வில்டர்னஸ் ஏடி ஆகிய டயர்களில், ஓடும்போதே மிதிப்பகுதி எஃகுப் பட்டையுடன் பிரிந்தது. இவற்றைப் பொருத்திய ஃபோர்டு எக்ஸ்புளோரர் ஊர்திகள் பல கவிழ்ந்தன. 2000 ஆகத்தில் ஏறத்தாழ 65 இலட்சம் டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. இவ்விபத்துகளில் அமெரிக்காவில் மட்டும் 250க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

எக்ஸ்புளோரருக்கு ஃபோர்டு பரிந்துரைத்த அழுத்தம் 26 பி.எஸ்.ஐ.; ஃபயர்ஸ்டோன் பின்னர் 30 பி.எஸ்.ஐ. எனக் கோரியது. டயரின் வடிவமைப்பும் தயாரிப்பும் காரணமா, குறைந்த அழுத்தமும் ஊர்தியின் தன்மையும் காரணமா என்பதில் இரு நிறுவனங்களும் முரண்பட்டன. அழுத்தம் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் மிகுதியாக வளைகிறது, வளைவு வெப்பமாகிறது, சுமையும் வேகமும் அவ்வெப்பத்தைப் பெருக்குகின்றன. வெப்பம் பட்டைகளுக்கு இடையிலுள்ள ரப்பரை வலுவிழக்கச் செய்கிறது. இந்நிகழ்வைத் தொடர்ந்து 2000 நவம்பரில் இயற்றப்பட்ட சட்டத்தின் விளைவாக, அமெரிக்காவில் புதிய இலகு ஊர்திகள் அனைத்திலும் டயர் அழுத்தக் கண்காணிப்பு அமைப்பு கட்டாயமானது.

பராமரிப்பு

* குளிர்ந்த நிலையில் மாதம் ஒரு முறையும் நீண்ட பயணத்துக்கு முன்னும் காற்றழுத்தத்தை அளக்க வேண்டும். உரிய அளவு ஓட்டுநர் கதவருகே உள்ள ஒட்டியில் குறிக்கப்பட்டிருக்கும். பக்கச் சுவரில் உள்ளது உச்ச வரம்பே.
* டயர்களைக் குறித்த இடைவெளியில் இடம் மாற்றினால் தேய்மானம் சீராகும்.
* பள்ளங்களின் அடியில் உள்ள தேய்மானக் காட்டிகள் 1.6 மி.மீ. உயரமானவை. மிதிப்பகுதி அம்மட்டத்தை அடைந்தால் டயரை மாற்ற வேண்டும். ஈரச் சாலையிலும் சேற்றிலும் அதற்கு வெகு முன்னரே பிடிப்புக் குறைந்துவிடும்.
* கரட்டுத் தடத்தில் சென்று வந்தபின் பக்கச் சுவரின் உட்புறத்தில் வெட்டு, புடைப்பு உள்ளனவா எனப் பார்க்க வேண்டும்.

இவற்றையும் பார்க்க

* நாற்சக்கர இயக்கம்
* ரேடியல் டயர்
* உராய்வு