கடல் கடந்தோர் துணி வெளுத்த வரலாறு

காரைக்காலிலிருந்து கடல் கடந்து சென்றவர்களைப் பற்றிப் பேசுவோர் அவர்கள் வகித்த பதவிகளையும் பெற்ற ஓய்வூதியத்தையும் கட்டிய மாடி வீடுகளையும் குறித்துப் பேசுவர். அவர்கள் உடுத்திச் சென்ற வேட்டியையும் சேலையையும் அந்த நாடுகளில் யார் வெளுத்தார்கள் என்று எவரும் கேட்பதில்லை. சிறிய கேள்விதான். ஆயினும் நம்மூர்ச் சமூக வாழ்வின் பழைய முடிச்சு ஒன்று அந்தக் கேள்வியில்தான் அவிழ்கிறது.

முதலில் பயண வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தஞ்சை மராட்டிய மன்னரிடமிருந்து 1739-இல் பிரெஞ்சுக்காரர் காரைக்காலைப் பெற்றனர். 1848-இல் பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் அடிமை முறை ஒழிக்கப்பட்டபின், ரெயூனியோன், மார்த்தினிக், குவாதலூப் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றியனுப்பிய துறைமுகங்களுள் நம்முடையதும் ஒன்றாயிற்று. 1881-ஆம் ஆண்டு ஆணையின்படித் தம் வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் பலர் சைகோனுக்குச் சென்று எழுத்தராகவும் காவலராகவும் வேலை பார்த்தனர். 1954 நவம்பர் 1-ஆம் நாள் ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. 1962 ஆகஸ்டு 16-இல் ஒப்பந்தம் சட்டப்படி நடைமுறைக்கு வந்தபோது, எந்த நாட்டுக் குடிமையை விரும்புகிறீர்கள் என்று தெரிவிக்க மக்களுக்கு ஆறு மாதத் தவணை அளிக்கப்பட்டது. அப்போது பிரெஞ்சுக் குடிமையைத் தெரிந்தெடுத்த குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே இன்று பாரிசின் புறநகர்களில் வாழும் நம்மவர்களுள் பெரும்பாலோர்.

அவர்கள் விட்டுச் சென்ற ஊரில் துணி வெளுத்தல் எப்படி நடந்தது என்பதை இன்றைய இளைஞர்கள் அறியார். 1960-களின் இறுதியில் சிறுவனாக இருந்த நான் கண்டிருக்கிறேன். வாரத்திற்கொரு முறை சலவைக்காரப் பெண்மணி பின்வாசலில் வந்து அழுக்கு மூட்டையை எண்ணி எடுத்துச் செல்வார். எழுத்தறியாதவர், ஆனால் நாற்பது வீட்டுத் துணியும் கலவாமல் திரும்பி வரும். சேங்கொட்டைச் சாற்றைச் சுண்ணாம்போடு சேர்த்து, ஒவ்வொரு வீட்டுத் துணியின் மூலையிலும் புள்ளியும் கோடுமாக இட்ட குறிதான் அவருடைய பேரேடு. அது கறுத்து ஏறிவிட்டால் துணி கிழிந்தாலும் குறி போகாது.

துறையிலே துணிகளை உவர்மண் கரைத்த நீரில் தோய்த்துப் பிழிவார்கள். பிறகு அடுப்பின்மேல் நீர் நிரம்பிய சாலை வைத்து, அதன் வாயைச் சுற்றி அத்துணிகளைக் கோபுரம்போல அடுக்கி, மேலே மூடி, இரவெல்லாம் எரியவிடுவார்கள். சாலிலிருந்து எழும் ஆவி துணிதோறும் ஏறும். இதுதான் வெள்ளாவி. உவர்மண்ணில் உள்ளது சோடியம் கார்பனேட்டு என்னும் காரம். அது சூடுபட்டதும் உடலின் எண்ணெய்ப் பசையைச் சவர்க்காரமாக்கி நீரோடு கழித்துவிடுகிறது. நான் வகுப்பில் வேதியியல் நடத்திய காலத்தில் காரத்திற்கு எடுத்துக்காட்டாக இதனைத்தான் சொல்வேன். புத்தகத்திலிருந்த எடுத்துக்காட்டைக் காட்டிலும் பிள்ளைகளுக்கு இது விளங்கிற்று. விடிந்தபின் கல்லில் அறைந்து, அலசி, நீலமும் கஞ்சியும் இட்டு, மணலில் விரித்துவிட்டால் மீதி வேலையைக் கதிரவன் பார்த்துக்கொள்வான்.

இத்தனைக்கும் கூலி என்ன? அறுவடையில் களத்து நெல், மாலையில் வீடுதோறும் ஒரு பிடி சோறு, பண்டிகைக்குப் பழந்துணி. வேலையோ துணியோடு முடிவதன்று. பெண் பூப்பெய்தினால் நீராட்டிய பின் உடுக்க மாற்றுத் துணி கொண்டு வர வேண்டும். தீட்டுத் துணியை வெளுக்க வேண்டும். மணத்திற்கு மேற்கட்டி கட்ட வேண்டும். பிணத்தின் முன்னே பாவாடை விரிக்க வேண்டும். தீட்டைக் கழிக்க வல்லவர் அவர் ஒருவரே என்று ஊர் நம்பியது. அதனாலேயே அவரைத் திண்ணைக்குக் கீழே நிறுத்தியது. பத்து வயதுப் பையனும் அறுபது வயது மூதாட்டியை ‘வா, போ’ என்றே அழைத்தான். ஒடுக்கப்பட்டோர்க்கு வெளுத்த புதிரை வண்ணாரின் நிலையோ இதனினும் கொடிது.

சமத்துவமும் சகோதரத்துவமும் பேசிய பிரெஞ்சு ஆட்சி இதில் தலையிட்டதோ என்றால், இல்லை. இந்தியர்களின் வழக்குகளை அவரவர் சாதியின் சட்டப்படியும் வழக்கப்படியும் தீர்க்க வேண்டும் என்று 1819 சனவரி 6-ஆம் நாள் ஆணை பிறப்பித்தது. பின்னர்க் குடியரசு வந்தது, வாக்குரிமையும் வந்தது; துறையும் வெள்ளாவியும் களத்து நெல்லும் முன்போலவே இருந்தன.

இந்த ஏற்பாட்டிலிருந்து ஒருவனைப் பிரித்தெடுத்தது கப்பல்தான். எங்கள் தெருவில் ஒரு ‘சொல்தா’ இருந்தார். பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்களை நம்மூரில் அப்படித்தான் அழைப்போம். படைவீட்டில் முதல் ஞாயிற்றுக்கிழமை வரிசையாகக் குழாய்களைக் காட்டி ஒரு சவர்க்காரக் கட்டியைக் கையில் கொடுத்தார்களாம். ஊரில் அவர் தம் துண்டைக்கூடப் பிழிந்தறியாதவர். “ஐயா, துப்பாக்கி பிடிக்க ஒரு வாரத்தில் படித்தேன், கால்சட்டை துவைக்க ஒரு மாதம் ஆயிற்று” என்று என் தந்தையாரிடம் சொல்லிச் சிரிப்பார். சாதி வேறுபாடின்றி எல்லாரும் ஒரே கல்லில் துவைத்ததை மட்டும் அவர் சிரிக்காமல் சொல்வார். ஊர் திரும்பியபின் அழுக்கு மூட்டையை மறுபடியும் பின்வாசலுக்கே அனுப்பினார். ஆனால் கூலியைக் காசாகக் கொடுத்தார், சோறாகக் கொடுக்கவில்லை. உள்ளாடைகளை மட்டும் தாமே துவைத்துக்கொண்டார். தெருவார் அதைக் கஞ்சத்தனம் என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

இனி, நம்மவர் சென்று சேர்ந்த பிரான்சின் பழைய வழக்கத்தைப் பார்ப்போம். அந்நாட்டுச் சிற்றூர்களில் பெருஞ்சலவை என்பது ஆண்டுக்குச் சில முறையே நடந்தது. அதுவரை அழுக்குத் துணி பரணில் கிடக்கும். பெரிய தொட்டியில் துணியை அடுக்கி, மேலே துணியில் கட்டிய மரச்சாம்பலை வைத்து, வெந்நீரை மீண்டும் மீண்டும் ஊற்றி வடிப்பார்கள். சாம்பலில் உள்ளது பொட்டாசியம் கார்பனேட்டு. நம் உவர்மண்ணும் அவர்கள் சாம்பலும் வேதியியல்படி உடன்பிறப்புகள்; அங்கே வெந்நீர் மேலிருந்து இறங்கியது, இங்கே ஆவி கீழிருந்து ஏறியது, அவ்வளவே. அலசுவதற்கு ஊர்தோறும் பொதுச் சலவைத் துறைகள் இருந்தன. அவற்றையும் குளிப்பிடங்களையும் கட்டுவதற்கு உதவிப் பணம் அளிக்க 1851 பிப்ரவரி 3-இல் சட்டமே செய்தார்கள். குளிர்காலத்தில் பனிநீரில் முழந்தாளிட்டு அலசிய அந்தப் பெண்களும் ஏழைகளே. உழைப்பு நம் துறையைவிட எளிதன்று. பிறப்பினால் அந்தத் தொழிலில் கட்டுண்டவர் அல்லர் என்பதே வேற்றுமை.

இங்கே நீலத்தைப் பற்றி ஒரு செய்தி. அவுரிச் செடியிலிருந்து நாம் எடுத்த நீலத்தை உலகமே வாங்கிற்று. வெள்ளைத் துணிக்கு இடும் நீலமாகவும் அது பயன்பட்டது. 1820-களில் கிமே என்ற பிரெஞ்சுக்காரர் செயற்கை முறையில் வேறொரு நீலப்பொடி செய்யக் கண்டுபிடித்தார். அது சலவைக்கும் ஏற்றதாக இருந்தது. அந்த ஆலையின் செல்வத்தைக் கொண்டே அவர் மகன் எமில் கிமே கீழ்த்திசைக் கலைப்பொருள்களைத் திரட்டி அருங்காட்சியகம் அமைத்தார். 1889 முதல் பாரிசில் இருக்கும் அவ்விடத்தில் இன்று சோழர் காலத்து ஆடவல்லானின் செப்புத் திருமேனியைக் காணலாம். சலவை நீலத்தில் விளைந்த பொருள் நம் தெய்வத்திற்கும் ஒரு மண்டபம் கட்டியிருக்கிறது!

1960-களிலும் அதன் பின்னும் சென்ற குடும்பங்கள் பிரான்சை அடைந்தபோது பொதுச் சலவைத் துறைகள் வழக்கொழிந்து வந்தன. சலவைப் பொறிகள் பரவிக்கொண்டிருந்தன. நம் பெண்களுக்கு வந்த இடையூறுகளை என் மகள் வீட்டில் தங்கிய ஒரு குளிர்காலத்தில் நேரில் அறிந்தேன். அடித்துத் துவைக்கக் கல் இல்லை. கல் இருந்தாலும் கீழ்வீட்டார் பொறுக்கமாட்டார். பாரிசுக் குழாய்நீர் சுண்ணாம்புச் சத்து மிக்கது. சவர்க்காரம் நுரைப்பதரிது, துணி விறைக்கும். பலகணியில் துணி உலர்த்தலாகாது என்று பல அடுக்குமாடிகளில் விதியே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆறு கெஜச் சேலையை எங்கே விரிப்பது? மின்கட்டணம் குறைந்த நேரம் நெடுங்காலம் இரவிலேயே அமைந்திருந்தது. இரவு பத்து மணிக்குமேல் பொறியை ஓட்டினாலோ அண்டை வீட்டாரின் உறக்கம் கெடும். அறுபது பாகை வெந்நீரில் போட்ட செட்டிநாட்டுச் சேலை தன் சிவப்பைக் குழந்தைகளின் பள்ளிச்சட்டைக்கெல்லாம் பங்கிட்டுக் கொடுத்தது. இவையெல்லாம் பழகப் பழகத் தீர்ந்தன.

எளிதில் தீராதது வேறு. பெண் பூப்பெய்தினால் மாற்று யார் கொண்டு வருவது? தீட்டுத் துணியை எங்கே கொடுப்பது? முதலில் சென்ற தாய்மார் தனிக் கூடை வைத்தார்கள், தனி வாளி வைத்தார்கள். சிறிய வீட்டில் கூடைக்கு இடமில்லாமற் போயிற்று. முடிவில் எல்லாத் துணியும் ஒரே பொறிக்குள் சென்றன, வெளுத்தே வந்தன. அங்குள்ள மூதாட்டி ஒருவர் என்னிடம், “மாற்று இல்லாமலே என் மூன்று பெண்களுக்கும் சடங்கு செய்தேன். ஒன்றும் ஆகிவிடவில்லை, தம்பி” என்றார். மருமகனும் பொறியில் துணி போடுகிறான் என்பதைத்தான் அவர் சற்றுத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

காரைக்காலிலும் இன்று வெள்ளாவி அடுப்புகளைக் காண்பது அரிது. வீட்டுக்கு வீடு பொறி வந்துவிட்டது. எங்கள் வீட்டுக்கு வந்த பெண்மணியின் மகன் தள்ளுவண்டியில் இஸ்திரிப் பெட்டி வைத்து, உருப்படிக்கு இவ்வளவு என்று காசு வாங்கினார். வாசலுக்கு முன்னே நின்றே பேசினார். அவருடைய பிள்ளைகள் இருவரும் படித்துத் திருச்சியில் வேலைக்குச் சென்றுவிட்டார்கள். சேங்கொட்டைக் குறி இடத் தெரிந்தவர் அக்குடும்பத்தில் இப்போது இல்லை.