முப்பத்திரண்டு வயதில் மறுபடியும் ஜெர்சி

 

அமெரிக்கக் கூடைப்பந்து வீராங்கனை பெய்ஜ் பெக்கர்ஸ் பற்றிப் போன வாரம் நாலு வரி எழுதியிருந்தேன். கனெக்டிகட் பல்கலைக்கழக அணியில் ஆடிக்கொண்டிருந்தவருக்கு 2022 ஆகஸ்டில் இடது முழங்காலில் ஏசிஎல் என்ற நார் கிழிந்துவிட்டது. ஒரு சீசன் முழுக்க வெளியே உட்கார்ந்தார். அப்புறம் திரும்பி வந்து, 2025 ஏப்ரலில் தன் கல்லூரிக்குத் தேசியக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். அதே மாதம் தொழில்முறை லீக்கில் முதல் ஆளாக அவரை டல்லாஸ் அணி எடுத்துக்கொண்டது.

அதைப் படித்த பழைய மாணவி ஒருத்தி போன் பண்ணி, "டீச்சர், அதெல்லாம் அமெரிக்கா. நம்ம பக்கம் ஆட்டத்தை விட்டுப் போன பொண்ணு யாராவது திரும்பி வந்திருக்காளா?" என்று கேட்டாள். வரலாறு நடத்தியவளிடம் கேட்டால் பதில் கொஞ்சம் நீளமாகத்தான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

வந்திருக்கிறார். பெயர் அனிதா பால்துரை. நம்ம சென்னைப் பெண், 1985ல் பிறந்தவர். பதினெட்டு ஆண்டுகள் இந்திய அணிக்கு ஆடினார். பத்தொன்பது வயதில் கேப்டன் ஆனார், எட்டு ஆண்டுகள் அந்தப் பொறுப்பில் இருந்தார். ஒன்பது ஆசியச் சாம்பியன்ஷிப் போட்டிகள், தேசியப் போட்டிகளில் முப்பது பதக்கங்கள், 2021ல் பத்மஸ்ரீ. இவ்வளவு செய்தவரை நம்ம தெருவில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அவர் விட்டுப் போனது அடிபட்டதால் அல்ல, பிள்ளைப்பேற்றுக்காக. உடம்பைப் பொறுத்தவரை அதுவும் சின்ன விஷயமில்லை. வயிற்றுத் தசை தளரும், இடுப்பு வலுவிழக்கும், குதிக்கும் தெம்பு குறையும், தூக்கம் போய்விடும். இதையெல்லாம் தாண்டி 2017ல் மறுபடியும் இந்திய ஜெர்சி போட்டார். அப்போது வயது 32. அந்த ஜூலையில் பெங்களூரு கண்டீரவா உள்விளையாட்டு அரங்கில் மகளிர் ஆசியக் கோப்பை 'பி' பிரிவு இறுதி ஆட்டம் நடந்தது. இந்தியா 75, கஜகஸ்தான் 73. இரண்டே புள்ளி வித்தியாசம்! அந்த வெற்றியால்தான் இந்திய அணி மறுபடி 'ஏ' பிரிவுக்கு ஏறியது.

'மன உறுதி இருந்தால் எதுவும் முடியும்' என்று எழுதி இந்த இடத்தில் முடித்துவிடலாம். எனக்கு அது போதவில்லை. மன உறுதி உள்ள எத்தனையோ பிள்ளைகள் திரும்பி வராமல் போனதைப் பார்த்திருக்கிறேன். திரும்பி வந்தவர்களுக்கு யாரோ இடம் பிடித்து வைத்திருந்தார்கள், பஸ்ஸில் துண்டு போட்டு வைப்பார்களே அந்த மாதிரி.

வரலாற்றையே பாருங்கள். 1891 டிசம்பரில் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இந்த ஆட்டத்தை உருவாக்கினார். அடுத்த ஓரிரு ஆண்டிலேயே பக்கத்து ஊர் ஸ்மித் பெண்கள் கல்லூரியில் செண்டா பெரென்சன் அதைத் தன் மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். ஆனால் விதியை மாற்றி. ஆடுகளத்தை மூன்றாகப் பிரித்து, அவரவர் கட்டத்தைத் தாண்டக்கூடாது என்றார்கள். பந்தைத் தட்டிப் பறிக்கவும் கூடாது. பெண் உடம்பு தாங்காது என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள். 1896 ஏப்ரல் 4ல் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் ஆடிய முதல் கல்லூரிப் பெண்கள் ஆட்டத்தில் ஸ்கோர் 2-1. பார்க்க ஆண்களை உள்ளே விடவில்லை. ஒலிம்பிக்கில் ஆண்கள் கூடைப்பந்து 1936ல் வந்துவிட்டது. பெண்கள் ஆட்டம் வர 1976 ஆயிற்று. நாற்பது வருஷம்!

அமெரிக்காவில் நிலைமையை மாற்றியது 1972ல் வந்த சட்டம். அரசுப் பணம் வாங்கும் கல்வி நிறுவனம் ஆண், பெண் பேதம் காட்டக்கூடாது என்றது. அதனால் பெண்கள் அணிக்கும் உதவித்தொகை, பயிற்சியாளர், மருத்துவர் எல்லாம் வந்தன. பெக்கர்ஸுக்கு முழங்கால் போனபோது அவருக்குப் பின்னால் ஐம்பது வருஷ ஏற்பாடு நின்றது.

நம்ம பக்கம் அந்த வேலையைச் செய்தது ரயில்வே. ராயபுரம் ஸ்டேஷனிலிருந்துதான் 1856ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பியது என்று வகுப்பில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! அந்த வழியில் வந்த தெற்கு ரயில்வேதான் அனிதாவுக்கு வேலை கொடுத்தது. கேரளத்திலிருந்து வந்த கீது அன்னா ஜோஸுக்கும் அதுவே. விளையாட்டு ஒதுக்கீட்டு வேலை என்றால் மாதச் சம்பளம், பயிற்சிக்கு நேரம், ஆட ஓர் அணி. மத்திய அரசு ஊழியர்களுக்கு 2008 முதல் பேறுகால விடுப்பு 180 நாள். விடுப்பு முடிந்தால் போய் நிற்க ஒரு வாசல் இருக்கிறது. அனிதாவின் உழைப்பு அவருடையது, அதை யாரும் குறைக்க முடியாது. அந்த உழைப்பைக் கொண்டுபோய்ப் போட ஓர் இடம் இருந்தது என்பதுதான் நான் சொல்வது.

அப்படி இடம் இல்லாத ஒருத்தியை எனக்குத் தெரியும். திருவொற்றியூர் பக்கம், அப்பா ஃபேக்டரித் தொழிலாளி. பெயர் வேண்டாம், என் வகுப்பில் படித்தவள். கூடைப்பந்தால்தான் அவளுக்குக் கல்லூரியில் இடமே கிடைத்தது. இரண்டாம் வருஷம் சிமென்ட் தரையில் குதித்து இறங்கும்போது முட்டி திரும்பிவிட்டது. வீட்டில் கட்டுப் போட்டார்கள். வீக்கம் வடிந்ததும் சரியாகிவிட்டது என்று நினைத்தார்கள். ஏசிஎல் கிழிவில் இதுதான் ஏமாற்று வேலை: வீக்கம் வடியும், நேராக நடக்கலாம், ஆனால் சட்டென்று திரும்பினால் முட்டி வழுக்கும். அவள் மறுபடி ஆடப் போய் மறுபடி விழுந்தாள். ஆடாத பெண்ணுக்குச் சலுகை எதற்கு என்று கல்லூரியில் கட்டணச் சலுகையை நிறுத்தினார்கள். கடன் வாங்கிப் படிப்பை முடித்தாள். பந்தை அப்புறம் தொடவில்லை.

இந்தக் காயம் ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகம் வருகிறது. குதித்து இறங்கும்போது முட்டி உள்பக்கமாகச் சாய்வது ஒரு முக்கியக் காரணம் என்கிறார்கள். முட்டியை மடக்கி மெதுவாக இறங்கவும், தொடை, இடுப்புத் தசையைப் பலப்படுத்தவும் சின்ன வயதிலேயே பழக்கினால் ஆபத்து நிறையக் குறையும். அறுவை சிகிச்சை செய்தாலும் ஒன்பது மாதமாவது பொறுக்க வேண்டும். அவசரப்பட்டால் மறுபடி கிழியும்.

நம்ம பக்கத்துக்கு இது புரியாத விஷயமல்ல. ராயபுரம் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் 1971ல் டாக்டர் ஆர். வெங்கடசாமி கை அறுவை சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவு தொடங்கினார். மெஷினில் கை கொடுத்த எத்தனையோ தொழிலாளிகள் அங்கே போயிருக்கிறார்கள். கையை ஒட்டவைப்பதோடு வேலை முடியாது, விரல் மடங்க மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும் என்பது இங்கே பல குடும்பங்கள் பட்டுத் தெரிந்துகொண்டது. தொழிலாளியின் கைக்குக் கொடுத்த பொறுமையை அவர் மகளின் முட்டிக்கும் கொடுக்கலாமே.

உங்களில் சிலர் இப்போது பி.டி. டீச்சர், சிலர் கல்லூரியில் வேலை, பலர் அம்மா அப்பா. அடிபட்ட பிள்ளையை உடனே எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். "எப்போ ஆடுவே?" என்று தினம் கேட்காதீர்கள். பெயரை அணிப் பட்டியலிலிருந்து எடுக்காதீர்கள். ஓரமாக உட்கார்ந்து ஸ்கோர் எழுதவாவது கூப்பிடுங்கள். சலுகையில் கை வைக்கும் பேச்சு வந்தால் எழுந்து நின்று பேசுங்கள்.

போன் பண்ணிய பெண்ணே, உன் மகள் பள்ளி அணியில் ஆடுகிறாள் என்றாயே. அவளுக்கு அனிதா பால்துரை பெயரைச் சொல்லு. குதித்தால் எப்படி இறங்குகிறாள் என்றும் ஒரு நாள் போய்ப் பார்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்