மணி அடித்தால் யார் வருவார்?

சிம்பாங் ரெங்கம் என்றதும் மலேசியாவில் பலருக்கும் நினைவுக்கு வருவது அங்குள்ள சிறைச்சாலைதான். 1969ஆம் ஆண்டு அவசரகாலச் சட்டத்தின்படி விசாரணையே இல்லாமல் அங்கே பலரை அடைத்து வைத்திருந்தார்கள். 2011இல் நாடாளுமன்றம் அவசரகாலப் பிரகடனங்களை நீக்கிய பிறகுதான் அந்தச் சட்டத்துக்கு முடிவு வந்தது. குற்றவாளிகளைப் பூட்டி வைக்கும் ஊரில் கடைக்கு எதற்கு அலாரம் என்று சிலர் வேடிக்கையாகக் கேட்பார்கள். (விசாரிக்காமலே ஒருவரைக் குற்றவாளி என்பது எப்படி என்பது தனி விவாதம்.) அங்கே கடை வைத்திருப்பவருக்கு இது வேடிக்கையல்ல.

'சிம்பாங்' என்றால் மலாய் மொழியில் சந்தி. பழைய நெடுஞ்சாலையிலிருந்து ரெங்கம் ரயில் நிலையத்துக்குப் பாதை பிரியும் இடத்தில் எழுந்த ஊர் அது. இத்தகைய சந்தி ஊர்களின் கடைவீடுகளைப் பாருங்கள்: கீழே கடை, மேலே குடும்பம். நடுச்சாமத்தில் கதவு கிறீச்சிட்டால் மாடியில் ஒருவர் இருமுவார், விளக்கு எரியும். அந்தக் காலத்து அலாரம் அதுதான். வசதி உள்ளவர்கள் 'ஜாகா' வைத்தார்கள். வங்கி வாசலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் படுத்திருந்த சீக்கியக் காவலரை நம் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

நம் செட்டியார்களும் அப்படித்தான். சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளில் பணப்பெட்டி இருந்த கூடத்திலேயே ஆட்கள் கணக்கு எழுதினார்கள், அங்கேயே தூங்கினார்கள். ஊரில் திண்டுக்கல் ஆசாரிகள், சாவியைத் திருப்பினால் மணி அடிக்கும் பூட்டையே செய்தார்கள். அந்த ஊர்ப் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் அந்த மணியும் காது கேட்கும் தூரத்தில் ஆள் இருந்தால்தான் பயன்படும்.

மின்சார அலாரத்துக்கு 1853இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர் அகஸ்டஸ் ரஸ்ஸல் போப். கதவு திறந்தால் மின்சுற்று இணையும், மணி அடிக்கும். 1857இல் அந்த உரிமையை விலைக்கு வாங்கிய எட்வின் ஹோம்ஸ் நியூயார்க்கில் தொழிலைப் பெருக்கினார். 1870களில் கடைகளின் கம்பிகளை ஒரு மைய அலுவலகத்துக்குக் கொண்டுவந்து, இரவு முழுதும் அங்கே ஆளை உட்கார வைத்தார்கள். என் கணிப்பில் பெரிய கண்டுபிடிப்பு இதுதான். மணி அதற்கு அடுத்தது. 1877இல் போஸ்டனில் அவர் மகன் இதே அலாரக் கம்பிகளில் தொலைபேசியை இணைத்துப் பார்த்தார். தொலைபேசி நிலையத்தின் ஆரம்பங்களில் அதுவும் ஒன்று!

இப்போது சிம்பாங் ரெங்கத்துக்குத் திரும்புவோம். குடும்பங்கள் தாமான் வீடுகளுக்குப் போய்விட்டன. பல கடைகளின் மாடி வெறும் சாமான் அறை. 1994இல் முழுமையாகத் திறக்கப்பட்ட வடக்கு தெற்கு நெடுஞ்சாலை ஊரோரமாகவே போகிறது. திருடிக்கொண்டு ஏறியவன் ஒரு மணி நேரத்தில் ஜொகூர் பாருவில் இருப்பான். ஆளில்லாத வீதியில் எத்தனை பெரிய சைரன் அலறி என்ன?

ஆகவே அலாரம் விற்க வருபவரிடம் சத்தத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். மணி அடித்தால் யாருக்குத் தகவல் போகும், அவர் எங்கிருந்து, எத்தனை நிமிடத்தில் வருவார் என்று கேளுங்கள். காவலாளி அனுப்புவதாகச் சொன்னால், 1971ஆம் ஆண்டு தனியார் நிறுவனச் சட்டப்படி உள்துறை அமைச்சின் உரிமம் உண்டா என்று பாருங்கள். கம்பியை அறுத்தால் மாற்றுவழி என்ன? இடி மின்னலில் மின்சாரம் போனால் பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும்? உடற்சூட்டை உணரும் கருவி, வெயிலில் கூரை காய்ந்த கடையில் மந்தமாகிவிடும். அதன் கண்ணாடியில் பல்லி ஊர்ந்தால் வீணாக அலறும். நாலு முறை வீணாக அலறினால் ஐந்தாம் முறை பக்கத்துக் கடைக்காரரும் எட்டிப் பார்க்க மாட்டார்.

கைபேசிக்குச் செய்தி வருகிற கருவி மலிவுதான். வாங்குங்கள். ஆனால் உங்கள் எண்ணோடு, கடைக்கு அருகிலேயே இரவில் தங்கும் ஒருவரின் எண்ணையும் அவர் சம்மதத்தோடு அதில் சேர்த்துவிடுங்கள்.