இலைச் சாப்பாட்டின் விலையும் மதிப்பும்

பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ ஓர் உணவுக் கடையில் வாழையிலை முன் அமரும் அன்பர், உண்டு கைகழுவியதும் இரண்டு கேள்விகளைத் தமக்குள் கேட்டுக் கொள்வார். சுவையாயிருந்ததா? கொடுத்த காசுக்குத் தகுமா? இவற்றிற்கு விடை கூற நாவும் பணப்பையும் மட்டும் போதா. அக்கடை பிறந்த வரலாறும் வேண்டும் என்பது எனது துணிபு.

கோலாலம்பூர் நகரம் 1881-இல் தீயாலும் வெள்ளத்தாலும் அழிந்தது. அடுத்த ஆண்டு ரெசிடெண்டாக வந்த பிராங்க் சுவெட்டன்ஹாம், அத்தாப்பு வேய்ந்த மரவீடுகளை விடுத்துச் செங்கல்லாற் கட்டுமாறு வற்புறுத்தவே, நகரின் தென்பால் சூளைகள் எழுந்தன. பிரிக்பீல்ட்ஸ் என்னும் பெயர் அச்சூளைகளால் வந்தது. 1886-இல் கிள்ளான் பக்கமாக இருப்புப் பாதை ஓடத் தொடங்கியபின், இரயில்வேப் பணிமனைகளும் குடியிருப்புகளும் அங்கே பெருகின. தமிழ்நாட்டாரும் யாழ்ப்பாணத்தாரும் மலையாளிகளும் பெண்டு பிள்ளைகளை ஊரில் விட்டுத் தனியராய் வந்து வேலைக்கமர்ந்தனர். அவர்களுக்குச் சமைப்பார் யார்? மெஸ்ஸும் சாப்பாட்டுக் கடையுமே வீடாயின. இலையோ மலிவு, கழுவ ஆள் வேண்டா. பிறன் உண்ட கலத்தில் உண்ணேன் என்று முறுக்கிக் கொள்பவனும் அதைக் குறை சொல்ல வழியில்லை!

ஆயினும் எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார்ந்துவிடவில்லை. தோட்டத்தில் கூலியே சோற்றுக் கணக்கில் நிறுக்கப்பட்ட காலம் அது. தொழிலாளி உயிர்வாழ அரிசி எவ்வளவு, பருப்பு எவ்வளவு என்று பட்டியலிட்டே நியமச் சம்பளம் கணக்கிடப்பட்டது. 1928-இல் கரையோரச் சிலாங்கூரில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. பட்டணத்துக் கடையில் உண்பதற்கு அப்பட்டியலில் இடமேது? எனது பூட்டனார் ஒரு கடையின் (பெயர் வேண்டா) பின்புறம் நின்று, சிரட்டையில் ஊற்றிய காப்பியைக் குடித்து வந்ததாக என் பாட்டியார் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் மூண்ட வேலை நிறுத்தத்தில், ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்ற கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் கூலி உயர்வோடு மற்றொன்றும் கேட்டது. துரையையும் கிராணியையும் கண்டால் தொழிலாளி சைக்கிளினின்றும் இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பதே அது. யானும் ஒரு கிராணி. இவ்வரியைப் படிக்கும்போதெல்லாம் சற்று நாணுகிறேன். அதே 1941-இல்தான் தமிழ்நாட்டு இரயில் நிலைய உணவுச் சாலைகளிற் பிராமணர்க்கெனத் தனியிடம் வைக்கும் முறையும் நீங்கிற்று. சென்னைத் திருவல்லிக்கேணியில் ஒரு கடைப்பலகையிலிருந்த 'பிராமணாள்' என்னும் சொல்லை அகற்றப் பெரியார் தொண்டர்கள் 1957-இலும் மறியல் செய்ய வேண்டியிருந்தது.

இனி, பிற நாட்டு எடுத்துக்காட்டு ஒன்று. 1880-கள் முதல் கிழக்கு ஐரோப்பாவினின்றும் நியூயார்க்கிற் குடியேறிய யூதர்கள் 'டெலி' என்னும் கடைகளைக் கண்டனர். 1888-இல் தோன்றிய கட்ஸ் கடை இன்றும் நடைபெறுகிறது. மாட்டின் மலிவான பாகத்தை உப்பிலூற வைத்து, மிளகும் கொத்துமல்லியும் தடவிப் புகையிட்டு, ஆவியில் வேகவைத்து அரிந்து, ரை ரொட்டியில் அடுக்குவார்கள். பாஸ்ட்ராமி என்பது அதுவே. கொழுப்பு வற்றாமலும் துண்டு சிதறாமலும் அரியும் கையைக் கொண்டே கடையின் தரம் அறியப்படும். வெள்ளரி ஊறுகாயோ இலவசம். ஏழையின் இறைச்சியாயிருந்த அது இன்று 20 டாலருக்கு மேல் விற்கிறது. அவர்களுடைய ஊறுகாய் எத்தகையதோ, அத்தகையதே நம் கடைகளில் மறுசோறு. முதற் சோற்றுக்கு விலையுண்டு. மறுசோற்றுக்குக் கடைக்காரரின் மனமே அளவு.

யான் கடையை மதிப்பிடும் வகை இது. முதலில் ரசத்தைச் சுவைப்பேன். குழம்பின் குறையை மசாலா மறைக்கும். ரசத்தில் ஒளிக்க இடமில்லை. அடுத்துக் கறிவகை. முட்டைக்கோசை மட்டும் குவித்துவிட்டு மூன்று கறி என்பவர் கணக்குக் காட்டுகிறார். கீரையும் பூசணியும் மொறுமொறுப்பான பாகற்காயும் இடுபவரே சமைக்கிறார். இலை வடிவாய் வெட்டிய காகிதத்தில் இடும் கடைக்கு இரண்டாம் முறை செல்வதில்லை; சுடுசோறு பட்டு இலை வாடும் மணத்திற்கும் சேர்த்தன்றோ காசு கொடுக்கிறோம்?

விலைக்கு வருவோம். சென்ற மாதம் மரக்கறிச் சாப்பாட்டிற்கு 12 ரிங்கிட் கொடுத்தேன். 2025-இல் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். 26 நாட்களுக்குப் பகிர்ந்தால் நாளைக்கு 65 ரிங்கிட் சொச்சம். ஆக ஒரு வேளைச் சோறு அரைநாட் கூலியன்று, ஐந்திலொரு பங்குக்கும் சற்றுக் குறைவே. ஆனால் ஆட்டுப் பிரட்டல் ஒரு தட்டுச் சேர்ந்தால் மூன்றிலொரு பங்கைத் தாண்டும். குடும்பத்தோடு சென்றால் நாட்கூலி போதாது. மலிவு என்று சொல்பவர் சம்பளப் பட்டியல் எழுதிப் பார்த்தவரல்லர்.

அன்று என்னோடு வந்தவர், எங்கள் தோட்டத்தில் பால்மரம் சீவி, பின்னர்ச் செம்பனைக் காட்டிலும் உழைத்து ஓய்ந்த பெரியவர். சேமநிதி அலுவலாகக் கிள்ளானுக்கு அழைத்துச் சென்றிருந்தேன். கடைக்குள் நுழைந்ததும், "நீங்க சாப்பிடுங்க கிராணி ஐயா, நான் அந்தப் பக்கம் உக்காந்துக்கிறேன்" என்றார். நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே அமர்த்தினேன். பரிமாறுபவர் முதலில் அவர் இலைக்கே சோறிட்டார். பெரியவர் இருமுறை மறுசோறு வாங்கி, ரசத்தைக் கையில் ஏந்திக் குடித்து, இலையைத் தம் பக்கமாக மடித்தார். வெளியே வந்தபின் விலை என்ன என்று வினவினார். சொன்னேன்.

"பன்னெண்டா! முன்னமே சொல்லக் கூடாதா ஐயா? இன்னுங் கொஞ்சம் ரசம் வாங்கியிருப்பேனே" என்றார்.