முட்டையில்லாத கிறிஸ்துமஸ் குக்கீ – ஒரு சிறு வரலாறு

கிறிஸ்துமஸ் நெருங்கிவிட்டால் அமெரிக்க வீடுகளில் பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து குக்கீ சுடுவது வழக்கம். மாவைத் தேய்த்து, நட்சத்திரம், மரம், மணி என்று அச்சால் வெட்டி, மேலே சர்க்கரை தூவுவார்கள். குழந்தைகளுக்குக் கொண்டாட்டம்தான்! ஆனால் அந்தக் குழந்தைக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது என்றால்? மற்றவர்கள் சுடுவதைத் தள்ளி நின்று பார்க்க வேண்டியதுதானா?

"முட்டை போடாவிட்டால் அது குக்கீயே இல்லை" என்பவர்கள் உண்டு. வரலாறு என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

குக்கீ என்ற சொல்லே டச்சு மொழியிலிருந்து அமெரிக்காவுக்குப் போனது. 1796ல் அமெலியா சிம்மன்ஸ் என்ற பெண்மணி 'அமெரிக்கன் குக்கரி' என்ற சமையல் நூலை வெளியிட்டார். அமெரிக்கர் ஒருவர் எழுதி அந்நாட்டிலேயே அச்சான முதல் சமையல் நூல் இதுதான் என்பார்கள். அதில் ஒரு கிறிஸ்துமஸ் குக்கீ இருக்கிறது. 3 பவுண்டு மாவு, 1 பவுண்டு வெண்ணெய், ஒன்றரை பவுண்டு சர்க்கரை, கொஞ்சம் பால், ஒரு தேநீர்க் கோப்பை நிறைய... கொத்தமல்லி விதைப் பொடி! ஆம், நம் வீட்டு மல்லியேதான். முட்டை இல்லை. பாதாம், வேர்க்கடலை எதுவும் இல்லை. மாவு உப்புவதற்கு, மரச்சாம்பலிலிருந்து எடுத்த பொட்டாசியம் கார்பனேட்டைச் சேர்த்தார்கள். சமையல் சோடாவுக்கு அது அண்ணன் முறை!

அன்று ஒவ்வாமை என்ற பெயரே கிடையாது. 'அலர்ஜி' என்ற சொல்லை 1906ல் உருவாக்கியவர் வியன்னாவைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் வான் பிர்க்கே. 1912ல் நியூயார்க் மருத்துவர் ஆஸ்கர் ஷ்லாஸ், ஒரு சிறுவனின் தோலைக் கீறிச் சோதித்து, அவனுக்கு முட்டை, பாதாம், ஓட்ஸ் மூன்றும் ஆகாது என்று கண்டறிந்தார். குக்கீயில் சேரும் பொருட்களாகவே அமைந்துவிட்டன, பாருங்கள்!

காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் கடையில் வாங்கும் பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? பால் 'கேசீன்' என்ற பெயரிலும் முட்டை 'அல்புமின்' என்ற பெயரிலும் மறைந்திருக்கும். வேதியியல் படிக்காத தாய் என்ன செய்வாள்? அமெரிக்காவில் 2004ல் நிறைவேறி 2006 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம் இதை மாற்றியது. பால், முட்டை, மீன், ஓட்டுடலி, மரக்கொட்டைகள், வேர்க்கடலை, கோதுமை, சோயா ஆகிய எட்டையும் சாதாரணப் பெயரில் அச்சிட வேண்டும் என்றது. 2023ல் ஒன்பதாவதாக எள் சேர்ந்தது.

இன்னும் ஓர் ஓட்டை இருக்கிறது. அதே இயந்திரத்தில் முன்பு வேர்க்கடலை அரைத்திருந்தால், அதைச் சொல்ல வேண்டும் என்று அங்கே சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. கடுமையான ஒவ்வாமை உள்ள குழந்தைக்குத் துளி கலப்பும் உயிருக்கு ஆபத்து. அதனால்தான் பல தாய்மார்கள் வீட்டிலேயே சுடுகிறார்கள். பாத்திரம், கரண்டி, அச்சு எல்லாவற்றையும் முதலில் கழுவுகிறார்கள்.

சிம்மன்ஸ் சொன்ன குக்கீ எல்லாக் குழந்தைக்கும் ஆகாது. அதில் பாலும் கோதுமையும் உண்டு. ஆனால் ஒன்று நிச்சயம். முட்டையில்லாத குக்கீ நோயாளிப் பிள்ளைக்காக இரக்கப்பட்டுச் செய்த மாற்று அல்ல. 1796லேயே அது பண்டிகைப் பலகாரம்தான். அதே மாவை எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்தே வெட்டலாம், சேர்ந்தே சாப்பிடலாம். ஒரு குழந்தைக்கு மட்டும் தனித் தட்டு எதற்கு?