குளிர்கடலுக்குள் கேமரா போன கதை

1856 பிப்ரவரியில் இங்கிலாந்தின் தென்கரையில், வெய்மவுத் விரிகுடாவில், ஒரு வக்கீலும் அவருடைய நண்பரும் துடுப்புப் படகில் போய் ஒரு பெட்டியைக் கடலுக்குள் இறக்கினார்கள். வக்கீலின் பெயர் வில்லியம் தாம்ப்ஸன். பெட்டிக்குள் இருந்தது கேமரா. பிப்ரவரி மாதத்து ஆங்கிலக் கால்வாய்த் தண்ணீரில் கையை விட்டால் சற்று நேரத்தில் விரல் விறைத்துவிடும். இருவரும் தண்ணீரில் இறங்கவில்லை, இறங்கும் உத்தேசமும் அவர்களுக்கு இல்லை. இறங்காமலே அடியில் இருப்பதைப் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் திட்டம். கடலடியில் எடுத்த முதல் நிழற்படம் என்று இன்று சொல்லப்படுவது அப்படிப் பிறந்ததுதான்.

தாம்ப்ஸனுக்குக் கடலுயிர்கள்மேல் பெரிய ஈடுபாடு உண்டு. அப்படியிருந்தும் இந்த யோசனையைக் கிளப்பிவிட்டது மீனோ நண்டோ இல்லை, ஒரு பாலம். புயல் நாளில் அலை மோதும் பாலத்தூண்களைப் பார்த்தபோது, தண்ணீருக்கடியில் தூண் எவ்வளவு சேதமாகியிருக்கும், ஆளை இறக்காமல் மலிவாகத் தெரிந்துகொள்ள வழியுண்டா என்று பேச்சு வந்தது. அந்தப் பேச்சிலிருந்துதான் பெட்டி வந்தது. முன்பக்கம் கண்ணாடி, அதன்மேல் ஒரு மூடி, மூடியைத் திறந்து மூடப் படகிலிருந்து ஒரு கயிறு.

அது ஈரக் கொலோடியன் தட்டுகளின் காலம். கண்ணாடித் தட்டில் மருந்து பூசி, அது காய்வதற்குள் படம் எடுத்து, காய்வதற்குள்ளேயே கழுவியும் ஆக வேண்டும். அந்த அவசரத்தோடு 18 அடி ஆழத்துக்குப் பெட்டியை விட்டார்கள். ஐந்து நிமிடம் திறந்து வைத்த முதல் தட்டில் ஒன்றும் விழவில்லை. இரண்டாவதற்குப் பத்து நிமிடம். மேலே இழுத்துப் பார்த்தால், அழுத்தம் தாங்காமல் கேமராவுக்குள் கடல்நீர் புகுந்திருந்தது. ஆனாலும் தட்டு பிழைத்துக்கொண்டது. பாறைகளும் கடற்பாசியும் மங்கலாகத் தெரிந்தன. அதே ஆண்டு தாம்ப்ஸன் அதை ஒரு கட்டுரையாக எழுதி வெளியிட்டார், அதோடு விட்டுவிட்டார்.

அந்தப் படத்தை வைத்துக்கொண்டு ஓர் உயிரின் பெயரையும் சொல்ல முடியாது. பத்து நிமிடத்தில் ஓடுவது ஓடிப்போயிருக்கும், அசைவது கரைந்துபோயிருக்கும். ஆனால் அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் அதே நாட்டில் வேறொரு வேலை முடிந்திருந்தது. நியூகாசிலைச் சேர்ந்த ஜோஷுவா ஆல்டரும் ஆல்பனி ஹான்காக்கும் பிரிட்டிஷ் கடல்களின் ஓடில்லாக் கடல்நத்தைகளை உயிரோடு பிடித்து வந்து, தட்டில் நீந்தவிட்டு, வண்ணத்தில் வரைந்து, 1845 முதல் 1855 வரை பகுதி பகுதியாக வெளியிட்டார்கள். ஏன் உயிரோடு? இந்த நத்தையைச் சாராயப் புட்டியில் போட்டால் நிறம் போய்விடும், உடல் சுருங்கிவிடும். ஊதாவும் ஆரஞ்சுமாகக் கடலில் மின்னியது, அலமாரிக்கு வரும்போது சாம்பல் நிறச் சதைத் துண்டாகிவிடும். பிறகு அதை அடையாளம் காண அறுத்துத்தான் பார்க்க வேண்டும்.

அவர்களுடைய ஓவியங்கள் இன்றும் அழகாகவே இருக்கின்றன. ஆனால் தட்டில் நீந்தவிட்ட நத்தை எதைத் தின்றுகொண்டிருந்தது, எதன்மேல் முட்டை இட்டிருந்தது என்பதைத் தட்டு சொல்லாது. என் கணக்கில், கடலடிப் படத்துக்கு உண்மையான தேவை பிறந்தது இந்த இடைவெளியில்தான். பாலத்தூண் வெறும் சாக்கு.

அந்தத் தேவையோடு தண்ணீருக்குள் இறங்கியவர் பிரெஞ்சு விலங்கியலாளர் லூயி பூத்தான். தென்பிரான்சில் பான்யூல் என்ற கடலோர ஊரில் உள்ள அராகோ ஆய்வகத்தில் வேலை. கனத்த தலைக்கவச உடையில் முக்குளித்துப் பழகியவர். கீழே தாம் கண்டதை மேலே இருப்பவர்களுக்கு வாயால் சொல்லி மாளவில்லை போலிருக்கிறது. 1893-ல் அவருடைய சகோதரர் ஒகூஸ்த் வடிவமைத்துக் கொடுத்த நீர்புகாப் பெட்டியோடு இறங்கினார். அந்தப் பெட்டியில் எனக்கு மிகவும் பிடித்தது அதோடு இணைத்திருந்த ரப்பர் பலூன். ஆழம் போகப் போகத் தண்ணீர் பலூனை நசுக்கும், நசுங்கிய பலூன் தன் காற்றைப் பெட்டிக்குள் தள்ளும், உள்ளே வெளியே அழுத்தம் சமமாகிவிடும், தண்ணீர் உள்ளே புகாது. தாம்ப்ஸனின் பெட்டி தோற்றது எங்கேயோ, சரியாக அந்த இடத்துக்கு இது பதில்.

வெளிச்சத்துக்குத்தான் பதில் கிடைக்கவில்லை. சில படங்களுக்கு அரை மணி நேரம் கடல்தரையில் காத்துக் கிடக்க வேண்டியிருந்தது. ஆகவே வெளிச்சத்தைக் கையோடு கொண்டுபோகப் பார்த்தார்கள். முதலில் ஆக்ஸிஜன் நிரப்பிய கண்ணாடிக் குடுவைக்குள் மக்னீசியம் நாடா. அது சில சமயம் குடுவையோடு வெடித்தது. அடுத்தது ஆக்ஸிஜன் அடைத்த ஒரு மரப்பீப்பாய், அதன் தலையில் கண்ணாடிக் கூட்டுக்குள் எரியும் சாராய விளக்கு. ரப்பர் பந்தை அமுக்கினால் மக்னீசியத் தூள் சுடரில் பாய்ந்து பளிச்சென்று எரியும். பீப்பாயைக் கடலடிக்கு இறக்கி, அதன் பக்கத்தில் கேமராவோடு நிற்கும் மனிதனை எண்ணிப் பாருங்கள். 1899-ல் அங்கே எடுத்த படம் ஒன்றில், தலைக்கவசம் அணிந்தவர் ‘கடலடி நிழற்படம்’ என்று பிரெஞ்சில் எழுதிய பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அவர் ருமேனிய உயிரியலாளர் எமில் ரக்கோவிட்சா. பெல்ஜிகா கப்பலில் போய், அண்டார்க்டிகாவின் பனியில் சிக்கி ஒரு குளிர்காலம் முழுவதையும் கழித்துத் திரும்பியிருந்த மனிதர். அடுத்த ஆண்டே பூத்தான் இதற்கென்று ஒரு புத்தகம் எழுதிவிட்டார்.

அதற்குப் பிறகு அரை நூற்றாண்டுக் கதையை வேகமாகத் தாண்டிவிடலாம். ஃபிளாஷ் பல்பு வந்தது. ஹரால்ட் எட்ஜர்டனின் மின்னணு ஃபிளாஷ் வந்தது. பிரெஞ்சுக் கடலாய்வாளர் கூஸ்தோவின் கப்பலில் எட்ஜர்டனுக்குச் செல்லப் பெயரே ‘பாப்பா ஃபிளாஷ்’. ஸ்கூபா கருவி வந்தபின் காற்றுக் குழாயின் தயவு தேவைப்படவில்லை. கொஞ்சம் நிற்க வேண்டிய இடம் 1960-களின் தொடக்கம். பெல்ஜியப் பொறியாளர் ழான் த வூட்டர்ஸ் ‘கலிப்ஸோ’ என்ற கேமராவை உருவாக்கினார். அதைப் போட்டு மூடத் தனியாக ஒரு பெட்டி வேண்டாம். கேமராவே நீர்புகாதது, கையில் அடங்குவது. பிறகு நிக்கான் அதன் உரிமையை வாங்கி 1963-ல் ‘நிக்கோனாஸ்’ என்று வெளியிட்டது. தடித்த கையுறையோடும் இழுக்கக்கூடிய ஒற்றை நெம்புகோல் அதில் ஷட்டரையும் இயக்கும், ஃபிலிமையும் நகர்த்தும். விரல் மரத்துப்போகும் கடலில் முக்குளிக்கிறவருக்கு இது சின்ன விஷயமில்லை.

குளிர்கடலுக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. வெப்பக் கடலில் தண்ணீர் தெளிவாக இருப்பது பெரும்பாலும் அதில் சத்து குறைவு என்பதால்தான். குளிர்நாட்டுக் கடலில் குளிர்காலப் புயல்கள் அடித்தண்ணீரைக் கலக்கி மேலே கொண்டுவருகின்றன, வசந்தத்தில் வெயில் பட்டதும் அந்தச் சத்தைத் தின்று நுண்பாசி பெருகுகிறது, தண்ணீர் பச்சையாகக் குழம்பிப்போகிறது. கை நீட்டும் தூரத்துக்கு அப்பால் எதுவும் தெளிவில்லை. ஃபிளாஷ் அடித்தால் மிதக்கும் துகள் ஒவ்வொன்றும் ஒளியைத் திருப்பி அனுப்பி, படத்தில் பனி பெய்கிறது. சிவப்பு நிறமோ முதல் சில மீட்டர்களிலேயே மங்கிவிடும். இதற்கு ஒரே வழி பக்கத்தில் போவது. ஃபிளாஷைப் பக்கவாட்டில் தள்ளி வைத்து, லென்ஸை உயிருக்குச் சில அங்குலத்தில் கொண்டுபோவது. நிக்கோனாஸில் லென்ஸ் வழியே பார்த்து ஃபோகஸ் செய்ய முடியாது. ஆகவே லென்ஸுக்கு முன்னால் ஒரு கம்பிச் சட்டத்தை மாட்டிக்கொண்டார்கள், சட்டத்துக்குள் நத்தை வந்தால் ஃபோகஸ் சரி. தூரத்துக் காட்சி கிடைக்காத கடல் இப்படி ஆட்களை அருகில் போக வைத்தது. அருகில் போனதால்தான் உணர்கொம்பும் செவுளும் முட்டைச் சுருளும் படத்தில் விழுந்தன. பெயர் சொல்ல இவைதானே வேண்டும்?

வெய்மவுத்துக்கு மேற்கே, போர்ட்லாந்தைத் தாண்டினால் லைம் விரிகுடா. அங்கே பாறைமேல் இளஞ்சிவப்புக் கடல்விசிறி வளர்கிறது. பவளத்தின் உறவு. ஆண்டுக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும் என்பதால், முழங்கை உயரம் நிற்கும் விசிறிக்கு வயது பல பத்தாண்டுகள். அதன் கிளைமேல் ஒரு நத்தை வாழ்கிறது, பெரிதானால் 3 சென்டிமீட்டர். இளஞ்சிவப்பு விசிறியில் இளஞ்சிவப்பு, வெள்ளை விசிறியில் வெள்ளை. முதுகின் இருபுறமும் கிளைத்து நிற்கும் செவுள்கள், விசிறியின் விரிந்த பாலிப்புகளைப் போலவே இருக்கும். நேரே பார்த்தாலும் கண் அதைத் தாண்டிப் போய்விடும். தேடுகிறவர்கள் முதலில் நத்தையைத் தேடுவதில்லை, கிளையில் சுற்றியிருக்கும் முட்டைச் சுருளைத் தேடுகிறார்கள். சுருள் இருந்தால் பக்கத்தில் நத்தை இருக்கும். இவை சேர்ந்து விழும் ஒரே படத்தில் நத்தையின் பெயர், அதன் உணவு, அதன் இனப்பெருக்கம் மூன்றும் வந்துவிடுகின்றன. ஆல்டரின் தட்டில் கிடைக்காதது இதுதான்.

பிரிட்டனில் கடல் பாதுகாப்புச் சங்கம் 1980-களில் ‘சீசர்ச்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. பொழுதுபோக்குக்கு முக்குளிப்பவர்களே தாங்கள் கண்ட தரை எப்படி, உயிர் எவை என்று படிவத்தில் எழுதித் தருவார்கள். 1994-ல் பெர்னார்ட் பிக்டனும் கிறிஸ்டின் மாரோவும் பிரிட்டிஷ் தீவுகளின் ஓடில்லாக் கடல்நத்தைகளுக்கு ஒரு கையேடு வெளியிட்டார்கள். கடலில் உயிரோடு இருக்கும்போது எடுத்த வண்ணப் படங்கள் அதில் இருந்ததால், சனிக்கிழமை முக்குளிக்கும் ஆசிரியரோ தச்சரோகூட ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. லைம் விரிகுடாவில் சிப்பி வாரும் இரும்பு வலைகள் கடல்விசிறிகளைப் பிடுங்கி எறிகின்றன என்ற விவாதத்தில் முக்குளிப்பாளர்களின் பதிவுகளும் பேசின. 2008-ல் அங்கே 60 சதுரக் கடல்மைல் பரப்பில் அந்த வலைகளுக்குத் தடை வந்தது. கரையில் இருந்த யாரும் நேரில் காணாத ஒரு தோட்டத்துக்குப் படம் சாட்சி சொன்னது என்றே இதைப் பார்க்கிறேன்.

படத்தால் ஆகாததும் உண்டு. கடற்பஞ்சுகளைப் படத்தில் பார்த்துப் பெயர் சொல்ல முற்படுகிறவர்களைக் கண்டால் அந்தத் துறைக்காரர்கள் சிரிப்பார்கள். ஒரே பஞ்சு ஒரு பாறையில் தகடாகவும் இன்னொன்றில் விரல்களாகவும் வளரும். பலவற்றில் ஒரு துணுக்கை வெட்டி, சதையைக் கரைத்து, மிஞ்சும் நுண்முட்களை நுண்ணோக்கியில் வைத்தால்தான் தீர்ப்பு. அதனால் பஞ்சு தேடுகிறவர் கேமராவோடு ஒரு சிறு கத்தியும் எண் போட்ட புட்டிகளும் கொண்டுபோகிறார். முதலில் படம், பிறகு வெட்டு, படத்தின் எண்ணும் புட்டியின் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும்.

நத்தையிலும் அப்படி ஒரு வழக்கு 2020-ல் வந்தது. பாலிசெரா குவாட்ரிலினியேட்டா, வடக்கு ஐரோப்பாவில் கெல்ப் பாசிமேல் காணப்படும், வெள்ளையும் மஞ்சளுமான சாதாரண நத்தை. யாரும் இரண்டாம் முறை திரும்பிப் பார்க்காதது. மரபணுவைப் பார்த்தால் அந்த ஒரே பெயருக்குள் இரண்டு இனங்கள். புதியதற்குப் பாலிசெரா நார்வேஜிகா என்று பெயர் வைத்தார்கள். பிறகு கவனித்தால் உடலின் வண்ணக்கோலத்திலேயே வேறுபாடு தெரிகிறது. நார்வேக் கடலில் முக்குளித்து இந்த நத்தையைப் படமெடுத்து வைத்திருப்பவர்கள் பழைய படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துப் பெயர் மாற்ற வேண்டியதுதான். ஃபிளாஷ் நேராக அடித்து முதுகு வெளுத்துப்போன படங்களில் மட்டும் எது எதுவென்று சொல்ல முடியாது.