கூட்டாளி நிறுவனங்களில் நடக்கும் பட்டப்படிப்புகளுக்கு ஒப்புதல்: பிரித்தானிய முறை

பல்கலைக்கழகம் ஒன்று தன் பெயரில் பட்டம் தரும் படிப்பை வேறொரு கல்வி நிறுவனத்தின் வகுப்பறையில் நடத்த இசையும் முன் செய்யும் ஆய்வும், அதன் முடிவில் எடுக்கும் தீர்மானமும் சேர்ந்ததே இந்த ஒப்புதல். பிரித்தானியப் பல்கலைக்கழகங்களில் இதற்கு 'வேலிடேஷன்' என்று பெயர். பாடம் நடப்பது ஓரிடம், பட்டம் வருவது இன்னோரிடம். சான்றிதழில் யார் பெயர் அச்சாகிறதோ அவர்களே தரத்துக்குப் பொறுப்பு என்ற ஒரே விதியின்மேல்தான் இந்த ஏற்பாடு முழுவதும் நிற்கிறது. கற்பிக்கும் வேலையைப் பிறரிடம் ஒப்படைக்கலாம். பொறுப்பை ஒப்படைக்க வழியில்லை. இந்த விதி தளர்ந்த இடங்களிலெல்லாம் பாதிக்கப்பட்டவர்கள் மாணவர்களே.

வகைகள்

ஃபிரான்சைஸ் முறையில் பாடத்திட்டமும் மதிப்பீட்டு முறையும் பல்கலைக்கழகத்துடையவை. கூட்டாளி நிறுவனம் அவற்றை எடுத்து நடத்துகிறது. ஏற்பளிப்பு முறையில் கூட்டாளி நிறுவனமே பாடத்திட்டத்தை எழுதுகிறது. பல்கலைக்கழகம் அதை ஆராய்ந்து, தன் பட்டத்துக்குத் தகும் என்று ஏற்கிறது. உள்ளூரில் டிப்ளோமா முடித்தவரை நேராக இறுதியாண்டில் சேர்த்துக்கொள்வது மூன்றாவது வகை. கொழும்பில் 'டாப்-அப்' என்று விளம்பரப் பலகைகளில் காண்பது இதுதான். பட்டம் வழங்கும் அதிகாரமுள்ள இரு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஒரே சான்றிதழ் தந்தால் அது கூட்டுப் பட்டம். ஆளுக்கொரு சான்றிதழ் தந்தால் இரட்டைப் பட்டம்.

தமிழ்நாட்டு வாசகருக்குப் பழக்கமான 'இணைப்புக் கல்லூரி' முறை இதற்கு நெருங்கிய உறவு. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டபோது அதற்கு முன்மாதிரி லண்டன் பல்கலைக்கழகம்தான். இரண்டுமே அன்று தேர்வு நடத்திப் பட்டம் கொடுத்த அமைப்புகள். ஆனால் இணைப்பு முறையில் எல்லாக் கல்லூரிக்கும் ஒரே பாடத்திட்டம், ஒரே வினாத்தாள். பிரித்தானிய ஒப்புதலோ ஒவ்வொரு படிப்புக்கும், ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனியாகப் பெற வேண்டியது.

வரலாறு

கடல் கடந்த ஏற்பாடுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டன. டர்ஹாம் பல்கலைக்கழகம் பார்படோஸின் காட்ரிங்டன் கல்லூரியை 1875இலும், சியாரா லியோனின் ஃபூரா பே கல்லூரியை 1876இலும் தன்னோடு இணைத்துக்கொண்டது. லண்டன் பல்கலைக்கழகம் 1858 முதல், தன் கல்லூரிகளில் படிக்காதவர்களுக்கும் தேர்வு எழுதும் வாய்ப்பைத் திறந்துவிட்டது. இலங்கையின் உயர்கல்வி இந்த வாசல் வழியாகத்தான் வளர்ந்தது. 1921இல் கொழும்பில் திறக்கப்பட்ட பல்கலைக்கழகக் கல்லூரிக்குப் பட்டம் தரும் உரிமை இல்லை. அதன் மாணவர்கள் லண்டன் வெளிவாரிப் பட்டத் தேர்வை எழுதினார்கள். 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவாகும் வரை அந்தத் தலைமுறையின் யாழ்ப்பாணத்து, கொழும்பு, கண்டிப் பட்டதாரிகள் பலருக்கு லண்டன் பட்டமே பட்டம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு லண்டன் இன்னும் ஓர் அடி முன்னே வைத்தது. காலனிகளின் உயர்கல்வியை ஆராய்ந்த ஆஸ்குவித் ஆணைக்குழு 1945இல் தந்த பரிந்துரையின்படி இபடான், கோல்டு கோஸ்ட், மேற்கிந்தியத் தீவுகள், மகரெரே முதலிய காலனியக் கல்லூரிகளோடு 'சிறப்பு உறவு' என்ற ஏற்பாட்டைச் செய்தது. பட்டம் லண்டனுடையது; ஆனால் பாடத்திட்டத்தை அந்தந்தக் கல்லூரி ஆசிரியர்களும் லண்டன் பேராசிரியர்களும் உட்கார்ந்து பேசி அமைத்தார்கள். வினாத்தாள் அமைப்பதிலும் விடைத்தாள் திருத்துவதிலும் இரு தரப்புக்கும் பங்கு இருந்தது. இபடான் மாணவர் தாவரவியலில் ஐரோப்பியச் செடிகளை மனப்பாடம் செய்யத் தேவையில்லாமல், தம் வீட்டு வாசலில் முளைக்கும் ஆப்பிரிக்கச் செடியைப் படித்துத் தேர்வெழுத முடிந்தது இப்படித்தான். பாடப்பொருள் மாறினாலும் தரம் குறையவில்லை. ஒப்புதல் என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் கண்டதில்லை. கோல்டு கோஸ்ட் கல்லூரி 1961இல் கானா பல்கலைக்கழகமாகவும், இபடான் 1962இல் தனிப் பல்கலைக்கழகமாகவும் உயர்ந்தன. உறவு முடிந்தபோது கூட்டாளி தன் காலில் நின்றது.

பிரித்தானியாவுக்குள்ளே இந்த முறையை வளர்த்தது கல்விசார் பட்டங்களுக்கான தேசியக் கவுன்சில். உயர்கல்வியை ஆராய்ந்த ராபின்ஸ் குழு 1963இல் தந்த அறிக்கையைத் தொடர்ந்து, 1964இல் அரச சாசனத்தின் மூலம் அது அமைந்தது. பட்டம் தரும் உரிமையில்லாத பாலிடெக்னிக்குகளிலும் கல்லூரிகளிலும் நடந்த படிப்புகளை ஆராய்ந்து பட்டம் வழங்குவதே அதன் வேலை. பல்கலைக்கழகப் பட்டத்துக்கு நிகரான தரம் இருக்க வேண்டும் என்பது சாசனத்தின் கட்டளை. கவுன்சிலின் குழு வரப்போகிறது என்றால் பாலிடெக்னிக் துறைகளில் மாதக்கணக்கில் தயாரிப்பு நடக்கும். தொடக்கத்தில் இது கண்டிப்பான மேற்பார்வையாக இருந்தது. 1985இல் லிண்டாப் குழுவின் அறிக்கை, முதிர்ந்த நிறுவனங்களுக்குத் தம் படிப்பைத் தாமே ஒப்புக்கொள்ளும் உரிமை வேண்டும் என்றது. 1992ஆம் ஆண்டுச் சட்டம் பாலிடெக்னிக்குகளைப் பல்கலைக்கழகங்களாக்கிக் கவுன்சிலையும் மூடியது. பட்டம் வழங்கும் உரிமை பெறாத நிறுவனங்களுக்கு ஏற்பளிக்கும் வேலையை ஓப்பன் யுனிவர்சிட்டி எடுத்துக்கொண்டது. நேற்றுவரை பிறரிடம் ஒப்புதலுக்கு நின்ற புதிய பல்கலைக்கழகங்கள், இன்று பிறருக்கு ஒப்புதல் தரும் இடத்துக்கு வந்தன. இன்றைய நடைமுறையின் நடையுடை பாவனை பலவும் அந்தக் கவுன்சில் கற்றுக்கொடுத்தவை.

ஒப்புதல் கிடைக்கும் வழி

பாடத்திட்டத்தைத் திறக்கும் முன்பே இரண்டு கேள்விகளுக்குப் பதில் வேண்டும். இந்த நிறுவனத்தோடு நாம் சேர வேண்டுமா? சேரலாமா? முதல் கேள்வி நோக்கம் பற்றியது. இரண்டாவது கேள்விக்கு முன்விசாரணை நடக்கும்: நிறுவனத்தின் உரிமையாளர் யார், கணக்கு தணிக்கையானதா, அந்த நாட்டுச் சட்டம் வெளிநாட்டுப் பட்டப்படிப்பை அனுமதிக்கிறதா, இதற்கு முன் வேறு பல்கலைக்கழகத்தோடு வைத்திருந்த உறவு ஏன் முறிந்தது. கடைசிக் கேள்வியை அழுத்திக் கேட்பவர்கள் குறைவு. கேட்டிருந்தால் பல வழக்குகள் வந்திருக்காது என்பது என் கருத்து.

பிறகு வருவது ஒப்புதல் நாள். அந்தத் துறையைச் சேராத மூத்த ஆசிரியர் ஒருவர் தலைமை தாங்குவார். வேறு பல்கலைக்கழகத்திலிருந்து அந்தப் பாடத்தில் தேர்ந்த ஒருவர் வருவார். தர அலுவலகத்தின் அலுவலர் குறிப்பெடுப்பார். பல இடங்களில் மாணவர் பிரதிநிதி ஒருவரும் உறுப்பினராக இருப்பார். மேசைமேல் படிப்பின் விவரக்குறிப்பு, ஒவ்வொரு பாட அலகின் விளக்கம், ஆசிரியர்களின் தகுதி விவரம், மாணவர் கையேடு எல்லாம் அடுக்கியிருக்கும்.

காகிதத்தில் எல்லாமே அழகாகத்தான் இருக்கும். உண்மை தெரிவது நடந்து பார்க்கும்போது. வாசிப்புப் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு நூலகத்துக்குள் போய், முதல் பத்து நூல்களை அலமாரியில் தேடுவார் ஓர் உறுப்பினர். இன்னொருவர் ஆய்வுக்கூடத்தின் பதிவேட்டைப் புரட்டி, கருவி கடைசியாக எப்போது இயங்கியது என்று பார்ப்பார். ஆசிரியர்களை நிர்வாகி இல்லாமல் சந்திப்பார்கள். 'உங்களில் எத்தனை பேர் முழுநேரம்?' என்ற கேள்விக்கு அறையில் விழும் அமைதியே சில நேரம் பதிலாகிவிடும். மாணவர்களையும் தனியே சந்திப்பார்கள். விடைத்தாள் திருத்தி எத்தனை நாளில் திரும்பக் கிடைக்கிறது என்று மாணவர் சொல்வது, நூறு பக்க ஆவணம் சொல்லாததைச் சொல்லிவிடும்.

மாலையில் முடிவு. நிபந்தனை, பரிந்துரை என்று அது இரண்டு வகைக் குறிப்புகளோடு வரும். நிபந்தனைகளைக் குறித்த தேதிக்குள் நிறைவேற்றினால்தான் படிப்புத் தொடங்கலாம்; பரிந்துரைகளுக்குப் பதில் சொன்னால் போதும். அதன்பின் ஒப்பந்தம் கையெழுத்தாகும். கட்டணத்தைப் பங்கிடுவது, மாணவர் முறையீட்டை யார் விசாரிப்பது, உறவு முறிந்தால் ஏற்கெனவே சேர்ந்தவர்களைப் படிப்பு முடியும்வரை யார் கரைசேர்ப்பது ஆகிய அனைத்தும் அதில் இருக்க வேண்டும். கூட்டாளி நிறுவனம் தன் உரிமையை மூன்றாம் நிறுவனத்துக்குக் கைமாற்றுவதையும் ஒப்பந்தம் தடுக்க வேண்டும். சங்கிலியில் கண்ணிகள் கூடக்கூடப் பல்கலைக்கழகத்தின் கண் எட்டாது.

ஒப்புதலுக்குப் பின்

ஒப்புதல் ஒருநாள் வேலை. கண்காணிப்பு ஆண்டு முழுவதும் நடக்க வேண்டிய வேலை. பல்கலைக்கழகம் தன் ஆசிரியர் ஒருவரை 'லிங்க் டியூட்டர்' ஆக நியமிக்கும். அவர் கல்லூரிக்குப் போய்வர வேண்டும், திருத்திய விடைத்தாள்களில் ஒரு பகுதியை மீண்டும் படித்துப் பார்க்க வேண்டும். வெளியிலிருந்து வரும் புறத் தேர்வாளர், பல்கலைக்கழக வளாகத்து மதிப்பெண்ணும் கூட்டாளிக் கல்லூரி மதிப்பெண்ணும் ஒரே அளவுகோலில் உள்ளனவா என்று சொல்வார். ஆண்டறிக்கை ஒன்றும், ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறை முழு மறுஆய்வும் வழக்கம். எந்த நிறுவனத்தில், எந்த மொழியில் படித்தார் என்பது சான்றிதழிலோ மதிப்பெண் பட்டியலிலோ குறிக்கப்பட வேண்டும் என்பதும் பழைய விதிக்கோவைகளின் எதிர்பார்ப்பு.

அந்த விதிக்கோவைகளை வகுத்தது 1997இல் தோன்றிய தர உறுதி முகமை. கூட்டாளி நிறுவனங்கள் பற்றிய அதன் விதிக்கோவை 1999இல் வந்து 2004இல் திருத்தப்பட்டது. பின்னர் ஐக்கிய இராச்சியத் தரக் கோவைக்குள் சேர்ந்தது. இங்கிலாந்தில் 2018 முதல் மாணவர்களுக்கான அலுவலகம் ஒழுங்குமுறை அமைப்பாக இருக்கிறது.

தவறிய இடங்கள்

வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் கதை எல்லாரும் அறிய வேண்டியது. 1893இல் சாசனம் பெற்ற பழம்பெரும் பல்கலைக்கழகம் அது. பின்னாளில் உலகெங்கும் நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்களின் படிப்புகளுக்கு ஏற்பளித்தது. கூட்டாளிகள் சிலரின் நேர்மை பற்றி 2010இல் பிபிசி வேல்ஸ் கேள்விகளை எழுப்பியது. அடுத்த ஆண்டு தர உறுதி முகமையும் கடுமையாக விமர்சித்தது. 2011 அக்டோபரில் பல்கலைக்கழகம் பிற நிறுவனங்களுக்கு ஏற்பளிப்பதையே நிறுத்துவதாக அறிவித்தது. நூறு கல்லூரிகளைக் கண்காணிக்க ஆளில்லாமல் நூறு கல்லூரிகளுக்குப் பெயரைக் கொடுத்ததுதான் பிழை.

பாடம் முழுவதும் பதியவில்லை. தேசியத் தணிக்கை அலுவலகம் 2024 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கையின்படி, இங்கிலாந்தில் ஃபிரான்சைஸ் முறையில் படித்த மாணவர்கள் 2018–19இல் 50,440 பேர். 2021–22இல் 108,600 பேர். மூன்றே ஆண்டில் இரு மடங்குக்கு மேல். 2022–23இல் மாணவர் கடன் நிறுவனம் கண்டுபிடித்த மோசடித் தொகையில் பாதிக்கும் மேல் ஃபிரான்சைஸ் நிறுவனங்களோடு தொடர்புடையது. படிக்கும் எண்ணமே இல்லாதவர்களைச் சேர்த்துக் கடன்தொகை பெற வைத்தார்கள் என்ற ஐயம் எழுந்தது. முந்நூறோ அதற்கு மேலோ மாணவர்கள் உள்ள ஃபிரான்சைஸ் நிறுவனங்கள் ஒழுங்குமுறை அமைப்பில் நேராகப் பதிய வேண்டும் என்ற யோசனையை அரசு 2025 ஜனவரியில் கருத்துக் கேட்புக்கு வைத்தது. நேர்மையாக வகுப்புக்கு வந்து, இரவு வேலை பார்த்துப் படித்த மாணவரின் பட்டத்தின்மேலும் இந்தக் கறை விழுகிறது. அதுதான் மனத்தை வருத்துகிறது.

பிற நாடுகளில்

மலேசியாவில் அரசுப் பல்கலைக்கழகங்களில் இடம் கிடைக்காத மாணவர்களுக்கு, தமிழர் உட்பட, 1980களிலிருந்து ஒரு பகுதியை உள்நாட்டிலும் மீதியை வெளிநாட்டிலும் படிக்கும் தனியார் கல்லூரிகளின் 'ட்வின்னிங்' படிப்புகள் வழிவிட்டன. முழுப்படிப்பும் உள்நாட்டிலேயே முடியும் '3+0' முறை 1990களின் இறுதியில், ஆசிய நாணய நெருக்கடியை ஒட்டிப் பெருகியது. ஐரோப்பாவில் கூட்டுப் பட்டத்துக்கு நாட்டுக்கு நாடு தனித்தனி மதிப்பீடு என்ற சிக்கலைத் தீர்க்க, 2015 மே மாதம் எரவானில் கூடிய கல்வி அமைச்சர்கள் ஒரே மதிப்பீட்டு முறையை ஏற்றார்கள்.

இந்தியாவின் பாதை வேறு. பல்கலைக்கழக மானியக் குழு 2022 மே மாதம் அறிவித்த விதிமுறை, ட்வின்னிங், கூட்டுப் பட்டம், இரட்டைப் பட்டம் ஆகிய மூன்றை மட்டும் அனுமதிக்கிறது. ட்வின்னிங் படிப்பில் வெளிநாட்டில் பெறும் கிரெடிட் 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. கூட்டுப் பட்டத்தில் ஒவ்வொரு நிறுவனத்திலும் குறைந்தது 30 விழுக்காடு பெற வேண்டும். ஃபிரான்சைஸ் முறை நேராகவோ மறைமுகமாகவோ கூடாது என்றும் விதிமுறை சொல்கிறது.

மாணவர் கவனிக்க வேண்டியது

பல்கலைக்கழகத்தின் பெயர் விளம்பரத்தில் இருப்பதாலேயே படிப்புக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டது என்று பொருளில்லை. 'ஒப்புதலுக்கு உட்பட்டது' என்ற சிறிய எழுத்து வரி இருந்தால் ஒப்புதல் இன்னும் வரவில்லை. ஒப்புதல் உள்ள படிப்பும் அந்த ஊரில், அந்த வளாகத்துக்கு மட்டுமே செல்லும். மருத்துவம், சட்டம், பொறியியல் போன்ற துறைகளில் தொழில்சார் அமைப்புகளின் அங்கீகாரம் பல்கலைக்கழக வளாகத்திலிருந்து கூட்டாளிக் கல்லூரிக்குத் தானாக வந்துவிடாது; தனியே கேட்டறிய வேண்டும். கூட்டாளிகளின் பட்டியலைப் பல பல்கலைக்கழகங்கள் பொதுவில் வைத்திருக்கின்றன. முதல் தவணை கட்டும் முன் கல்லூரியின் வரவேற்பறையில் கேட்டதோடு நிற்காமல், பட்டம் தரும் பல்கலைக்கழகத்தின் பதிவாளருக்கே நேராக எழுதி, படிப்பின் பெயரையும் கல்லூரியின் முகவரியையும் குறிப்பிட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.